மூடிய பாத்திரமும் திறந்த மலையும்: தமிழ்ப் பாட எழுத்தில் இரசாயனச் சமநிலை

திண்மமொன்று வாயுக்களாகப் பிரிந்து, அவ்வாயுக்களுடன் சமநிலையில் நிற்பதைப் பற்றிய பாடம் எமது உயர்தர வகுப்பு இரசாயனத்தில் இரண்டு மூன்று பக்கங்களுள் முடிந்துவிடுவது. அமோனியம் காபமேற்று, அமோனியம் ஐதரசன் சல்பைட்டு, கல்சியங் காபனேற்று ஆகிய மூன்று பொருள்களே அங்கு மாறிமாறி வரும். ‘வெற்றிடமாக்கப்பட்ட, விறைத்த மூடிய பாத்திரமொன்றில்’ என்று தொடங்கும் வினா ஒன்று. பகுதியமுக்கங்களைக் காணும் கணிப்பு ஒன்று. சிறிதளவு அமோனியாவை உட்செலுத்தினால் யாது நிகழும் என்ற கிளைவினா ஒன்று. இவற்றைச் செய்து முடித்த மாணவர் அடுத்த பகுதிக்குச் செல்வர். இப்பாடம் எழுதப்படும் முறையைத் தமிழ் உரைநடையின் ஒரு கிளை என்ற வகையில் விமரிசன நோக்கிற் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கவிதையையும் நாவலையும் திறனாய்வதற்கு எம்மிடையே கருவிகள் பல உள. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர் வரிவரியாக மனனஞ் செய்யும் பாட எழுத்தோ திறனாய்வாளர் கண்ணிற் படுவதேயில்லை.

இவ்விமரிசனத்துக்குக் கொத்மலைப் பிரதேசத்தை உரைகல்லாகக் கொள்கின்றோம். காரணம் எளிது. வினாத்தாளில் மூடிய பாத்திரத்துள் நிகழும் அதே இரசாயனம் அங்கே தேயிலை மலைகளில் திறந்த வெளியில் நிகழ்கின்றது. உரமாக இடப்படும் யூரியா நீருடன் தாக்கமுற்று ஈற்றில் அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுவது அம்மலைகளின் அன்றாட நிகழ்ச்சி. எனினும் அப்பிரதேசத்துப் பாடசாலையொன்றிற் படிக்கும் மாணவிக்கு இவ்விரண்டும் ஒன்றென்று சொல்வார் இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவை உடைய தமிழ்ப் பாடசாலைகள் இன்றும் மிகச் சிலவே என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆசிரியர் இல்லாத இடத்தில் நூலே ஆசிரியர். ஆகவே நூல் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது அங்கு பெரிய விடயமாகிவிடுகின்றது.

முதலிற் பாடத்தின் பொருளை நோக்குவோம். அமோனியம் காபமேற்று என்னும் வெண்ணிறத் திண்மம் ஒரு மூல் பிரியும்போது இரண்டு மூல் அமோனியாவும் ஒரு மூல் காபனீரொட்சைட்டும் தோன்றும். மூடிய பாத்திரத்தில், 25 பாகை செல்சியசில், மொத்த அமுக்கம் ஏறத்தாழ 0.116 வளிமண்டலத்தை அடைந்ததும் மேற்கொண்டு மாற்றம் தென்படாது. இவ்வமுக்கத்தில் மூன்றில் இரு பங்கு அமோனியாவுக்கும் ஒரு பங்கு காபனீரொட்சைட்டுக்கும் உரியது. எனவே சமநிலை மாறிலி மொத்த அமுக்கத்தின் கனத்தை 4 ஆற் பெருக்கி 27 ஆல் வகுக்கக் கிடைப்பதாகும். திண்மத்தின் அளவு இக்கோவையில் இடம்பெறுவதில்லை. பாத்திரத்தின் அடியில் ஒரு கிராம் எஞ்சி நின்றாலும் ஒரு கிலோ எஞ்சி நின்றாலும் அமுக்கம் ஒன்றே.

இவ்வளவையும் எமது பாட எழுத்துச் சரியாகவே சொல்கிறது. ஆயின் திண்மம் ஏன் கோவையில் இல்லை என்பதற்கு அது தரும் விடை, ‘திண்மத்தின் செறிவு மாறிலியாகும்’ என்ற ஒற்றை வாக்கியமே. திண்மம் சிறிதேனும் எஞ்சி நிற்றல் வேண்டும் என்ற நிபந்தனை அவ்வாக்கியத்தின் நிழலில் மறைந்துவிடுகின்றது. எண் கொண்டு பார்த்தால் இது விளங்கும். பத்து இலீற்றர் கொள்ளளவுடைய போத்தலொன்றைச் சமநிலைக்குக் கொண்டுவர 25 பாகையில் ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் காபமேற்றுப் போதும். அதனிற் குறைவாக இட்டால் திண்மம் முழுவதும் வாயுவாகும். திண்மத்துக்கும் வாயுவுக்கும் இடையே சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. இனி, பாத்திரத்தைப் பெருக்கிக்கொண்டே போவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் பழைய லயத்து அறையொன்றை, எட்டடி உயரமெனக் கொண்டு, காற்றுப் புகாமல் அடைத்துவிட்டதாகக் கற்பனை செய்தால், அதற்கு மூன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல் தேவைப்படும். (கணக்கு மட்டுமே, அமோனியா உயிரைக் குடிக்கும் வாயு.) அவ்வறையின் கூரையையும் சுவரையும் நீக்கி மலையுச்சிக் காற்றில் விட்டால் எத்தனை மூடை கொட்டினாலும் போதாது. சமநிலை என்பது அப்பொருளுக்கு மட்டும் உரிய பண்பன்று; பொருளும் அடைப்பும் சேர்ந்த தொகுதிக்கு உரியது. எமது நூல்களில் ‘மூடிய’ என்பது வினாவின் முதலடியில் வந்துபோகும் ஒரு பெயரெச்சம். உண்மையிலோ பாடத்தின் பாதி அந்த ஒரு சொல்லில் இருக்கின்றது.

சொல்லைப் பற்றிப் பேசும்போது கலைச்சொல்லாக்கம் பற்றியும் ஓரளவு கூறவேண்டும். தமிழில் இரசாயனம் எழுதும் முயற்சி ஈழத்தில் நெடிய வரலாறுடையது. மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீனின் பணியோடு தொடர்புடைய ‘கெமிஸ்தம்’ 1875 இல் வெளிவந்தது. தமிழகத்தில் 1916 இல் சேலத்தில் தமிழ்ச் சாத்திரீய பரிபாஷைச் சங்கம் தோன்றியது. பின்னர் இலங்கை அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வந்தன. இதனால் எமக்கு இருவேறு வழக்குகள் வாய்த்துள்ளன. தமிழகத்தார் ‘வினை’ என்பதை நாம் ‘தாக்கம்’ என்கிறோம். அவர் ‘அழுத்தம்’ எமக்கு ‘அமுக்கம்’. அவர் வெப்பச் ‘சிதைவு’ எமக்கு வெப்பப் ‘பிரிகை’. இடர் எழுவது இவ்விடத்திலேதான். தமிழக நூல்களிற் ‘பிரிகை’ என்பது மீளக் கூடத்தக்க பிரிவைக் குறிக்கும். எமது நூல்களில் அதற்குக் ‘கூட்டப்பிரிகை’ என்று வேறொரு சொல் இருக்கவும், திண்மம் வாயுவாகும் பகுதியில் வெறும் ‘பிரிகை’யே பெரிதும் ஆளப்படுகின்றது. இஃது அற்பமான குற்றமன்று. பிரெஞ்சு இரசாயனர் சான்-கிளேர் தெவீல் 1857 இல் இக்கருத்துக்கெனத் தனிச்சொல் ஒன்றை ஆக்கியமைக்குக் காரணமே, ஒருவழிப் பிரிவையும் இருவழிப் பிரிவையும் வேறுபடுத்த வேண்டியிருந்தமைதான்.

நவச்சாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஈயம் பூசுவோரும் பொற்கொல்லரும் சித்த மருத்துவரும் நன்கறிந்த பொருள் அது. சூடேற்ற மறைந்து, குளிர்ந்த இடத்தில் மீண்டும் வெண்படிவாகத் தோன்றும். எமது பள்ளிப் பாடங்களில் நெடுங்காலமாக அது பதங்கமாதலுக்கு உதாரணமாகக் காட்டப்பட்டு வந்துள்ளது. ஆயின் கற்பூரம் பதங்கமாவது வேறு. நவச்சாரம் மறைவது வேறு. நவச்சாரம் அமோனியாவாகவும் ஐதரசன் குளோரைட்டாகவும் பிரிந்தே மேலெழுகின்றது. அதன் ஆவியடர்த்தி எதிர்பார்த்ததிற் பாதியளவே இருந்தமை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூலக்கூற்றுக் கொள்கைக்கே அறைகூவலாயிற்று. 1862 இல் பேபால் என்பார் அவ்விரு வாயுக்களும் வெவ்வேறு வேகத்திற் பரவுவதைப் பயன்படுத்தி அவற்றைப் பிரித்துக் காட்டினார். (கூட்டப்பிரிகை என்ற கருத்தைத் தந்த தெவீலே நவச்சாரத்தின் விடயத்தில் இதனை ஏற்க மறுத்து வாதிட்டார் என்பது விஞ்ஞான வரலாற்றின் சுவையான முரண்.) இத்தகைய போராட்டத்தின் விளைவை ‘பதங்கமாதல்’ என்ற ஒரு சொல்லுக்குள் புதைத்துவிட்டு, மூன்றாண்டுகள் கழித்துச் சமநிலைப் பாடத்தில் அதே மாணவருக்குப் புதியதுபோலக் கற்பிப்பது எவ்வகையில் நியாயம்?

‘சமநிலை’ என்ற சொல்லும் தன்னளவில் ஒரு சுமையைக் கொண்டுள்ளது. தமிழ் மரபில் அது தராசை நினைவூட்டுவது. வள்ளுவரின் நடுவுநிலைமையும் தராசுக்கோலையே உவமையாகக் கொண்டது. தராசு நின்றுவிட்டாற் சமம். இரு தட்டும் ஒத்திருந்தாற் சமம். இரசாயனச் சமநிலையோ நிற்பதுமன்று, ஒத்திருப்பதுமன்று. திண்மம் பிரியும் வேகமும் வாயுக்கள் மீளக் கூடும் வேகமும் ஒன்றாதல் மட்டுமே அங்கு நிகழ்வது. நூறு கிராம் திண்மமும் ஒரு கிராம் வாயுவும் சமநிலையில் இருக்கலாம். ‘இயக்கச் சமநிலை’ என்ற தொடர் இத்தவற்றைத் திருத்த முயல்கிறது. ஆயினும் மாணவரின் விடைத்தாள்களில் ‘தாக்கிகளும் விளைவுகளும் சம அளவில் இருக்கும்’ என்ற வாக்கியம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது. மலையகத்துப் பிள்ளைக்குத் தராசு என்பது வெறும் உவமையுமன்று. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கொழுந்தின் நிறையையே மையமாகக் கொண்டெழுந்த கதை. தராசு நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி அப்பிள்ளைக்குக் குடும்ப அனுபவம்.

வரலாற்றைப் பார்த்தால், மீளுந்தாக்கம் என்ற எண்ணம் ஆய்வுகூடத்தில் அன்றித் திறந்த வெளியிலேயே தோன்றிற்று. 1798 இல் நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்போடு சென்ற பெர்தொலே, அங்குள்ள நாத்திரன் ஏரிகளின் கரையிற் சோடியங் காபனேற்றுப் படிந்திருப்பதைக் கண்டார். ஆய்வுகூடத்தில் எத்திசையில் நிகழும் என்று கருதப்பட்டதோ அதற்கு எதிர்த்திசையில் அத்தாக்கம் நிகழ்ந்திருந்தது. சுண்ணக்கல்லும் உப்பும் அளவிறந்து கிடந்தமையும், விளைபொருள் தொடர்ந்து விலகிச் சென்றமையுமே அதற்குக் காரணமென அவர் உணர்ந்தார். அதன் பின்னரே 1864 இல் குல்ட்பேர்க்கும் வாகேயும் திணிவுத்தாக்க விதியை எழுதினர். 1867 இல் தெப்ரே சுண்ணக்கல்லின் பிரிகையமுக்கத்தை அளந்தார். 1884 இல் இலச்சற்றலியர் தமது தத்துவத்தை வெளியிட்டார். ஏரிக்கரையிலிருந்து மூடிய குழாய்க்கு வந்த இப்பயணத்தை எமது நூல்கள் தலைகீழாக்கி, குழாயிலேயே தொடங்கிக் குழாயிலேயே முடிக்கின்றன.

மலையகத்துக்கு ஏரி வேண்டியதில்லை, சூளை இருக்கின்றது. மாத்தளை, திகன முதலிய இடங்களிற் பளிங்குச் சுண்ணக்கல்லைச் சுட்டு நீறாக்குவோர் பன்னெடுங்காலமாக உளர். ஒரு வளிமண்டல அமுக்கத்திற் காபனீரொட்சைட்டு வெளியேறச் சுமார் 900 பாகை செல்சியசு வேண்டும். சூளையின் வாயைத் திறந்து காற்றோட்டம் விடுபவர் அவ்வாயுவை அப்புறப்படுத்தி, பிரிகையை அதனிற் குறைந்த வெப்பத்திலேயே தொடங்கச் செய்கிறார். சூளையை முற்றாக அடைத்துவிட்டால் என்னாகும் என்று கேட்டால், கல் வேகாது என்பார். அது தெப்ரேயின் அளவீட்டுக்கு நிகரான அறிவு. எதிர்த்திசைத் தாக்கத்தைக் காண விரும்புவோர் வீட்டிலுள்ள வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாற் போதும். சுண்ணாம்பு டப்பியில் நீர் வற்றவிடாமல் பாட்டிமார் பார்த்துக்கொள்வது ஏன்? வற்றினால் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மீண்டும் கல்லாகிவிடும்.

இனி யூரியாவுக்கு வருவோம். 1868 இல் பசாரோவ் என்னும் உருசிய இரசாயனர் அமோனியம் காபமேற்றை அடைத்த கண்ணாடிக் குழாய்களில் 130–140 பாகைக்குச் சூடேற்றி யூரியாவைப் பெற்றார். பின்னர் அது பெருந்தொழிலாயிற்று. இன்றும் அமோனியாவும் காபனீரொட்சைட்டும் நூறு வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அமுக்கத்திற் காபமேற்றாக்கப்பட்டு, அது நீரிழந்து யூரியாவாகின்றது. சப்புகஸ்கந்தையில் அரசு நிறுவிய யூரியாத் தொழிற்சாலையும் 1980 களிற் சில ஆண்டுகள் இவ்வழியிலேயே உற்பத்தி செய்து பின் மூடப்பட்டது. தொழிற்சாலையின் தடித்த உருக்குச் சுவருக்குள் வாயுக்கள் காபமேற்றாகி யூரியாவாகின்றன. கொத்மலை மலையில் யூரியா நீரேற்றுக் காபமேற்றாகி வாயுக்களாகின்றது. ஒரே தொடர், இரு திசைகள். திசையைத் தீர்மானிப்பவை அமுக்கமும் வெப்பமும் நீரும் அடைப்புமே. இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை ஒரு பாடநூலாசிரியர் எங்கே தேடுவார்?

மலையில் நிகழ்வது சற்றுச் சிக்கலானது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. மண்ணிற் காபமேற்றுத் திண்மமாகத் தோன்றுவதில்லை. யூரியேசு என்னும் நொதியத்தின் செயலால் கரைசலிற் கணப்போது தோன்றி மறைகின்றது. (இந்நொதியத்தையே 1926 இல் சம்னர், அவரையினத்து விதையொன்றிலிருந்து பளிங்காகப் பெற்று, நொதியம் ஒரு புரதமெனக் காட்டினார்.) தேயிலை விரும்பும் மண் அமிலத்தன்மையுடையது; அதன் பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை. அமிலம் அமோனியாவைப் பற்றி அமோனியம் அயனாக வைத்துக்கொள்ளும். ஆயின் யூரியா மணியைச் சுற்றியுள்ள சிறு வட்டத்தில் காரத்தன்மை ஏறிவிடுகிறது. அந்த வட்டத்திலிருந்து அமோனியா காற்றிற் கலக்கின்றது. மழையின்றி வெயில் காயும் நாளில் மேற்பரப்பிற் கிடக்கும் உரம் கூடுதலாக இழக்கப்படும். கவ்வாத்துக்குப் பின் அமிலத்தைத் தணிக்க இடப்படும் தொலமைற்றும் யூரியாவும் அடுத்தடுத்து விழுந்தால் இழப்பு மேலும் கூடும். மறுபுறம், பெருமழை பெய்தால் நைதரசன் மண்ணோடு ஓடையிற் போய்ச் சேரும். கொத்மலை ஓயாவை மறித்து 1985 இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்தில் 1990 களின் முற்பகுதியில் நீலப்பச்சைப் பாசி பெருகி ஆய்வுக்குள்ளானமைக்கு, மேட்டுநிலங்களிலிருந்து கழுவுண்டு வந்த ஊட்டங்களும் காரணமாகக் கூறப்பட்டன. காற்றுக்கும் நீருக்கும் இடையே, செடிக்கு எஞ்சுவது எவ்வளவு? இக்கேள்வியை எழுப்பும் ஒரு பயிற்சி வினா எமது சமநிலைப் பாடங்களில் இல்லை.

இது வெறும் கல்விக் குறைபாடாக நின்றுவிடவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நாட்டில் நடந்த விவாதத்தை நினைவுகூர்க. ஒரு சாரார் யூரியாவை நஞ்சென்றனர். மறுசாரார் அதனை அமுதமென்றனர். மாட்டுப்பட்டியில் மூக்கை அரிக்கும் நாற்றமும் உரமூடை நனைந்தால் எழும் நாற்றமும் ஒரே அமோனியா என்பதையோ, மாட்டுச் சிறுநீரின் யூரியாவுக்கும் மூடையின் யூரியாவுக்கும் மூலக்கூற்றளவில் வேறுபாடில்லை என்பது 1828 இல் வோலரின் காலத்திலேயே தெளிவாகிவிட்டதையோ எடுத்துச் சொன்னோர் மிகச் சிலர். உண்மையான வினாக்கள் எவ்வளவு, எப்போது, எந்த மண்ணில், எத்துணை இழப்புடன் என்பவை. இவை அளவு பற்றிய வினாக்கள். சமநிலைப் பாடத்தைக் கற்றவர் கேட்டிருக்க வேண்டியவை. அவ்வாண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. ஆயினும் 2021 இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 250 மில்லியன் கிலோ அளவுக்கு வீழ்ந்தது. உரத்தட்டுப்பாடும் விலையேற்றமும் அதிற் பெரும்பங்கு வகித்தன. கொழுந்து குறைந்த மலையில் நிறை எட்டாத பெண்ணுக்கு விழுந்தது ‘அரைப்பேர்’. பாடநூலின் ஒரு பெயரெச்சத்துக்கும் அந்த அரைப்பேருக்கும் நேரடித் தொடர்பு காட்டுவது மிகையாகும். ஆனால் தம் மொழியில் விஞ்ஞானத்தைப் பரீட்சைக்கு மட்டும் படித்த ஒரு சமூகம், தன் வயிற்றைத் தொடும் விஞ்ஞான விவாதமொன்றில் வாய்மூடி நிற்க நேர்ந்தது என்பதை மறுக்கவியலாது.

முற்போக்கு வாசகர் சிலர் இவ்விடத்தில் ஓர் உருவகத்தை எதிர்பார்க்கக்கூடும். தோட்டமே ஒரு மூடிய பாத்திரம். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாதிருந்த காலத்தின் ‘அமைதி’ அடைப்பினால் உண்டான சமநிலை. அடைப்பு உடைந்ததும் அது கலைந்தது என்று எழுதிவிடலாம். கவர்ச்சியான உருவகம், ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் நாம் அதனைத் தவிர்க்கவே விரும்புகின்றோம். நீர் கொதிப்பதை எடுத்துக்காட்டி அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதை விளக்கும் பழக்கம் எமது கட்டுரைகளில் ஏறக்குறைய ஒரு வாய்பாடாகிவிட்டது. அவற்றுட் பல, நீர் எந்த அமுக்கத்திற் கொதிக்கிறது என்பதைக் கூடக் கேட்டதில்லை. மனிதர் மூலக்கூறுகள் அல்லர். கூடிப் பேசுவர், சங்கம் அமைப்பர், மறுப்பர். விஞ்ஞானத்தை அலங்காரமாக்கும் எழுத்தும் அதைப் பரீட்சையாக்கும் எழுத்தும் ஒரே குறையின் இரு பக்கங்கள். இரண்டிலும் பொருள் படிக்கப்படுவதில்லை.

ஆகவே உருவகத்துக்குப் பதிலாக ஒரு வினாவை முன்வைக்கின்றோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளிமண்டல அமுக்கம் கொழும்பினதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. அமோனியம் காபமேற்று ஒரு மூல் பிரிய ஏறத்தாழ 159 கிலோயூல் வெப்பம் உறிஞ்சப்படும். 25 பாகையில் அதன் பிரிகையமுக்கம் மேலே தரப்பட்டது. பிரிகையமுக்கம் சூழவுள்ள வளிமண்டல அமுக்கத்துக்குச் சமமாகும் வெப்பநிலையைக் கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் தனித்தனியே காண்க. கணித்தாற் கொழும்புக்கு 58 பாகையளவிலும் நுவரெலியாவுக்கு 54 பாகையளவிலும் விடை வரும். ‘உங்கள் வீட்டில் பருப்பு வேகக் கொழும்பிலும் கூடிய நேரம் எடுப்பதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாது?’ என்பது அதன் கிளைவினா. இரண்டாவது கிளைவினா: ‘மேற்கூறிய இரு வெப்பநிலைகளையும் அணுகாத 20 பாகை மலையிலும் திறந்து கிடக்கும் காபமேற்று முற்றாக மறைந்துவிடுகிறது, இக்கணிப்பில் நாம் எதை மூடியதாகக் கொண்டோம்?’